நிரூபிக்க வேண்டியவர் யார்?

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சில மாதங்களுக்கு முன் எமது விடுதியில் இராப்போசனத்தின் பின் ஒரு விவாதம் எழுந்தது. நண்பரொருவர் பழைய புத்தகமொன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்த படமொன்றை மேசைமீது விரித்தார். நீரின் நடுவே நீண்ட கழுத்தும் சிறிய தலையுமாக ஒரு கரிய உருவம். ஸ்கொத்லாந்திலுள்ள நெஸ் ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் விலங்கு அது. "நம்பமாட்டோம்" என்றோம் நாம். "அப்படியாயின் அது இல்லையென்று நிரூபியும், பார்ப்போம்" என்றார் அவர். எமக்குப் பதில் வரவில்லை. சூழவிருந்தோர் சிரித்தனர். தோற்றுவிட்டோம் என்றெண்ணியே அன்றிரவு படுக்கைக்குச் சென்றோம். உண்மையில் தோற்றோமா என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

கடன் கொடுத்தேன் என்று ஒருவர் வழக்கு வைக்கிறார். சீட்டையும் சாட்சியையும் கொண்டுவர வேண்டியவர் அவரேயன்றி எதிராளியல்லர். வாங்காத கடனை வாங்கவில்லையென்று எதைக்கொண்டு காட்டுவது? உலகத்து முயல்களையெல்லாம் ஒன்றுவிடாமற் பிடித்துப் பார்த்தபின்தான் முயற்கொம்பு இல்லையெனலாம் என்றால், எந்த ஆராய்ச்சியும் முடிவு காணாது. உண்டு என்பவரே காட்டவேண்டும். இது வழக்காடு மன்றத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பொதுவான விதி.

இனி அந்த ஏரியின் கதையைப் பார்ப்போம். 1933ஆம் ஆண்டு மே மாதம் இன்வெர்னஸ் நகரப் பத்திரிகையொன்றில், தம்பதியர் இருவர் ஏரியில் பெரியதொரு பிராணி புரளக் கண்டதாகச் செய்தி வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், 'டெயிலி மெயில்' பத்திரிகை அனுப்பிய வெதரல் என்னும் வேட்டைக்காரர் கரையிற் பெரிய காலடிகளைக் கண்டார். இலண்டன் அரும்பொருட்சாலையார் ஆராய்ந்தபோது, அவை பாடஞ்செய்த நீர்யானைக் கால் ஒன்றினால் இட்ட அடையாளங்கள் எனத் தெரியவந்தது. 1934 ஏப்பிரலில் அதே பத்திரிகையில் வெளியானதே எமது நண்பர் காட்டிய படம். எடுத்தவர் இலண்டன் வைத்தியர் ஒருவர் என்றார்கள். மதிப்புக்குரிய வைத்தியர் பொய் சொல்வாரா என்ற நினைப்பே அப்படத்துக்கு அரணாக நின்றது. பொம்மை நீர்மூழ்கிக் கப்பலொன்றின்மீது தலையும் கழுத்தும் செய்து பொருத்தி எடுத்த படம் அது என்பதும், செய்து கொடுத்தவர் அவ்வேட்டைக்காரரின் மனைவியின் மகனே என்பதும் 1994இலேதான் உலகறிய வந்தன. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஒரு பொம்மை, சொன்னவரின் மதிப்பிலே மிதந்தது!

"படம் பொய்யானால் விலங்கும் பொய்யாகிவிடுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேடாமல் இல்லையென்பது வேறு. தேடியும் கிடைக்கவில்லை என்பது வேறு. 2003இல் பீ.பீ.சீ. நிறுவனத்தார் 600 ஒலிக்கதிர்களைச் செலுத்தி ஏரியை ஆராய்ந்தனர். பெரிய விலங்கெதுவும் அகப்படவில்லை. 2018இல் நியூசீலாந்துப் பேராசிரியர் நீல் ஜெமல் என்பாரின் குழுவினர் ஏரியின் பல இடங்களிலும் பல ஆழங்களிலும் நீரெடுத்து, உயிர்கள் நீரில் விட்டுச்செல்லும் மரபணுத் துணுக்குகளைச் சோதித்தனர். 2019இல் வெளியான முடிவின்படி ஊர்வனவற்றின் மரபணு சிறிதும் இல்லை. விலாங்கின் மரபணுவோ ஏராளமாக இருந்தது. தவிரவும், சுமார் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை அவ்விடம் பனிக்கட்டியின் கீழ்க் கிடந்தது. ஆதிகாலத்துப் பெரும் பல்லியினம் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருத்தல் எங்ஙனம்?

ஆயினும், ஐயுறுவோரும் அகந்தை கொள்ளலாகாது. 1938 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், படகொன்று கொணர்ந்த மீன்களிடையே விசித்திரமான நீல மீனொன்றை அரும்பொருட்சாலைப் பொறுப்பாளரான கோட்னி லாற்றிமர் அம்மையார் கண்டார். ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்ததென்று அறிஞர் எழுதிவைத்த சீலக்காந்து அது! அம்மையார் 'நம்புங்கள்' என்று வாதாடவில்லை. மீனைப் பாடஞ்செய்து வைத்தார். பேராசிரியர் ஸ்மித் நேரில் வந்து பார்த்தார், ஏற்றார். உள்ளுறுப்புகள் கெட்டு வீசப்பட்டமையால், 100 பவுண் சன்மானம் அறிவித்து மற்றொன்றைத் தேடினார். பதினான்கு ஆண்டுகளின் பின், 1952இல், கொமொரோ தீவுகளருகே அது கிடைத்தது. மேசைமீது மீன் வந்தது. மறுத்த வாய்கள் மூடின.

ஒரு மீனுக்கு அறிஞர் உலகம் தன் ஏடுகளையே திருத்தியது. எத்தனையோ படங்களும் சாட்சிகளும் இருந்தும் ஏரி விலங்குக்குத் திருத்தவில்லை. இது ஓரவஞ்சனையன்று. ஒன்றுக்குப் பொருள் இருந்தது. மற்றதற்குப் பேச்சே இருந்தது.

ஏரியிலே எதையோ கண்டோமென்பவர் அனைவரும் பொய்யர் என்று நாம் கூறவில்லை. அலையும் மிதக்கும் மரமும் நல்லவர் கண்ணையும் மயக்கும். கண்டவரை இகழாது, கண்டதை மட்டும் விசாரிப்பதே பண்பு. "நம்பமாட்டோம்" என்று அன்று வெடுக்கென்று கூறியதுதான் எமது பிழை. "எதைக் காட்டினால் நம்புவோம்" என்று கூறியிருக்க வேண்டும். ஐயுறுவோனுக்கும் ஒரு கடன் உண்டு: எத்தகைய சான்றுக்குத் தலைவணங்குவான் என்பதை முன்னரே சொல்லவேண்டும், அது வந்தால் வணங்கவும் வேண்டும்.

அந்நண்பரை மீண்டும் கண்டால் நாம் சொல்லப்போவது இதுவே: "ஒரு பல், ஓர் எலும்பு, ஒரு துண்டுத் தோல் கொண்டுவாரும். விடுதியில் எல்லோர் முன்னிலையிலும் எமது தோல்வியை நாமே ஒப்புக்கொள்வோம். அதுவரை மேசை வெறுமையாகவே இருக்கட்டும்."