ஏமாற்றி வாங்கிய சத்தியம்

விவிலியத்தில் வாக்குத் தவறாமை பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குச் சிமெண்டும் கம்பியும்தான் தெரியும். இருந்தாலும் ஒரு கதை சொல்கிறேன்.

யோசுவா நூல், ஒன்பதாம் அதிகாரம். கிபியோன்காரர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஆனால் பிய்ந்த செருப்பும் பூசணம் பூத்த அப்பமுமாக வந்து, தூரதேசத்து ஆட்கள் என்று ஏமாற்றி உயிருக்குச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது. 'ஏமாத்தி வாங்கினது செல்லாதுப்பா' என்று யோசுவா தட்டிக் கழித்திருக்கலாம். செய்யவில்லை. விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தார் (அது எனக்கு உறுத்தல்தான்), உயிரைத் தொடவில்லை. பிற்காலத்தில் சவுல் அந்தச் சொல்லை மீறியதால்தான் தாவீது காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம் என்கிறது இரண்டாம் சாமுவேல்.

நம்ம புதுச்சேரிக்கும் அப்படியொரு சொல் உண்டு. மக்கள் விருப்பம் அறியாமல் இங்குள்ள ஆட்சியமைப்பை மாற்றுவதில்லை என்று 1956-ல் பிரான்சும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டன. 1979-ல் பக்கத்து மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்ததும் ஊரே தெருவில் இறங்கியது. கையெழுத்துக் காலத்துப் பிரதமர் நேரு அப்போது இல்லை, சொல் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். சைட்டில் ஒரு சித்தாள் அம்மாவிடம், "தீபாவளிக்குள்ள பாக்கிக் கூலி வந்துடும்மா" என்றேன். பில் பாஸாகவில்லை. "நான் என்ன பண்றது?" என்று நழுவினேன். "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் கடனுக்குத் துணி எடுத்தேன்" என்றார். பொங்கலுக்குத்தான் கொடுத்தேன்.

வாங்கி, என் எதிரிலேயே எண்ணிப் பார்த்தார். முன்பெல்லாம் எண்ணமாட்டார்.