தாதியர் சோர்வும் மறந்துபோன ஒரு கட்டுரையும்: தலைமை உரை

வார்டுகளில் முப்பது நாற்பது ஆண்டு உழைத்த மூத்த தாதியர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவைக்குத் தலைமை ஏற்பது பெரிய கௌரவம். கூடவே கொஞ்சம் நடுக்கமும் உண்டு. கருத்தரங்கு சிங்கப்பூரின் கிளமெண்டியில் நடப்பதும் பொருத்தமே. தாதிமை கற்றுத்தரும் நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி கிளமெண்டி சாலையில் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் தொலைவில் இல்லை.

ஒப்பந்தத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் தாதியரின் பரிவுச் சோர்வையும் (பிறர் வேதனையைத் தாங்கித் தாங்கிப் பரிவே வற்றிப்போகும் நிலை) பணிச்சோர்வையும் தடுப்பதே கருத்தரங்கின் தலைப்பு. பணிச்சோர்வைப் பற்றிய ஃபிராய்டன்பெர்கரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதை அளக்கும் மாஸ்லாக்கின் அளவுகோலும் இந்த அவைக்குப் புதியவை அல்ல. ஒன்றை மட்டும் நினைவூட்ட வேண்டும். பரிவுச் சோர்வு என்றதும் 1995இல் வந்த ஃபிக்லியின் நூலையே பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 1992இலேயே தாதியர் இதழ் ஒன்றில் அதைப் பற்றி எழுதியவர் கார்லா ஜாய்ன்சன். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

உண்மையில் பேச வேண்டியது அதற்கும் முந்தைய ஒரு கட்டுரையைப் பற்றி. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்டது அது. ஒரு பெரிய மருத்துவமனையின் பயிற்சித் தாதியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் படிப்பை முடிக்காமல் போய்க்கொண்டிருந்தார். மென்சீஸ் தாதியரின் மனத்தோடு நிற்காமல் வேலை பிரிக்கப்பட்ட விதத்தையும் பார்த்தார். ஒவ்வொரு தாதியும் பல நோயாளிகளுக்குச் சில வேலைகளை மட்டுமே செய்தார். நோயாளியைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண்ணாலோ நோயுற்ற உறுப்பாலோ குறிப்பிட்டார்கள். பயிற்சித் தாதியரை அடிக்கடி வார்டு மாற்றினார்கள். நோயாளியின் வேதனை தாதியைத் தாக்காமலிருக்கச் செய்த ஏற்பாடுகள் இவை. பதற்றமோ குறையவில்லை, ஒருவரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறைவுதான் பறிபோனது.

இது பழைய உளப்பகுப்பாய்வு, சிங்கப்பூருக்குப் பொருந்தாது என்று சொல்லும் நண்பர்கள் இந்த அவையிலும் உண்டு. அவர்கள்மீது மிகுந்த மரியாதை உண்டு. அந்த வாதத்தை மட்டும் ஏற்க முடியவில்லை. ஆள் குறையும் வார்டுக்கெல்லாம் அனுப்பப்படும் ஒப்பந்தத் தாதிக்கு நடப்பது மென்சீஸ் எழுதியதுதான். நோயாளியிடம் நெருங்காதே என்று அவருக்கு மனஉறுதிப் பயிலரங்கில் சொல்லித் தருவது, நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுப்பது.

வார்டுக்கு வெளியே இருப்பதையும் பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து, வாடகைக்கு எடுத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறைக்குத் திரும்புகிறவர், திருச்சியிலோ மணிலாவிலோ பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையைக் கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருப்பவர் குடும்பத்தை அழைத்துவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். வார்டில் பணியாற்றும் இளம் தாதியர் பலருக்கு அது எட்டாது. 2021 நவம்பரில் மூத்த துணை அமைச்சர் ஜனில் புதுச்சேரி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கு சொன்னார். அவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 500 வெளிநாட்டு மருத்துவர்களும் தாதியரும் வேலையை விட்டார்கள். 2020இல் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே அவ்வளவுதான். ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்க்க முடியாத நிலையையும் அவர் குறிப்பிட்டார்.

இங்கே தாதிமையைத் தொடங்கியவர்களும் வெளிநாட்டவரே. 1885இல் பணியேற்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளின் நினைவாகத்தான் ஆகஸ்டு 1 தாதியர் தினம். ஆனால் அவர்கள் ஒரு சபையாக வந்தவர்கள், சேர்ந்து வாழ்ந்தவர்கள். இன்றைய ஒப்பந்தத் தாதியோ தனியாக வருகிறார்.

தாதியரைப் பணியில் தக்கவைக்க 2024இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் திட்டம் அவர்களுக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தருகிறது. நான்காண்டு பணியாற்றிய வெளிநாட்டுத் தாதியரும் அதில் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்த நான்காண்டுகளைக் கடப்பதற்குள்தான் பலர் உடைந்துபோகிறார்கள்.

முதல் அமர்வு மனஉறுதிப் பயிலரங்குகளைப் பற்றியது. கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். பயிலரங்குக்கு வந்த தாதி அந்த ஆண்டில் எத்தனை முறை வார்டு மாற்றப்பட்டார், எத்தனை முறை ஊருக்குப் போய்வந்தார் என்ற கணக்கையும் அட்டவணையில் சேர்த்துச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் முதல் கேள்வி தலைமை மேடையிலிருந்தே வரும்.