வாடகை வீடும் நடை தூரமும்



லுக்குட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லித் தருகிறவர்கள் நாங்கள். காலையில் முதல் பாடவேளை தொடங்கியதும் வகுப்பில் சில பிள்ளைகள் மேசைமேல் தலை சாய்த்துவிடுவார்கள். முன்பெல்லாம், இரவு வெகுநேரம் தொலைக்காட்சி பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக் கடிந்துகொள்வோம். பிறகு விசாரித்துப் பார்த்ததில் உண்மை புரிந்தது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தூரத்துத் தாமான்களில் குடியிருப்பவர்கள். விடியுமுன், ஐந்தே முக்கால் மணிக்கே, பள்ளி வேன் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. ஊரைச் சுற்றி மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஒரு காலத்தில் லயத்து வாசலிலிருந்து ஐந்தே நிமிடத்தில் ஓடிவந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தாம் இவர்கள்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வீடு பார்க்கும் விஷயம். சிறப்பாக, வெளிநாட்டில் சில காலம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பங்கள் எந்த இடத்தில் வாடகைக்குக் குடியேறுவது நல்லது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் மனைவி மகளுடன் எட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தார். தகப்பனார் காலமானபின், தாயாரைத் தனியே விட மனமின்றி ஊர் திரும்பினார். நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாக எழும்பியிருந்த ஒரு தாமானில் வீடு பிடித்தார். இரண்டு மாடி, பெரிய கூடம், முன்னால் இரண்டு கார் நிறுத்த இடம். வாடகையோ, லுக்குட் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய வரிசை வீட்டைவிட மாதம் 200 வெள்ளி குறைவு. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆறு மாதம் கழித்து, மகளின் தேர்ச்சி அறிக்கையை வாங்கப் பள்ளிக்கு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. "சார், சிங்கப்பூரில் எங்களிடம் கார் இல்லை. ஆனால் நாங்கள் எங்கும் போய்வந்தோம். இங்கே கார் இருக்கிறது. அம்மாவோ ஜன்னலை விட்டு நகர்வதில்லை" என்றார். தோட்டத்தில் இருந்தவரை அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் தாமே கோயிலுக்கு நடந்துபோய் வந்தவர். கடைக்குப் போய் நாலு பேரிடம் பேசி, வெற்றிலை வாங்கி வருவார். புதிய தாமானில் கடைக்குப் போக வேண்டுமானால் நான்கு தடத்து நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும். மகன் வேலை முடிந்து வந்து காரில் அழைத்துப் போனால்தான் உண்டு. அவன் களைத்து வருவான் என்று அவர் கேட்பதும் இல்லை. மகளை அருகிலுள்ள வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காரணம் மொழியின்மேல் வெறுப்பன்று, விடியற்காலை வேன்தான்.

நேயர்களே, நாட்டின் தமிழ்ப் பள்ளிகளில் 2010ஆம் ஆண்டையொட்டி ஒரு லட்சத்துக்கு மேல் மாணவர்கள் இருந்தார்கள். இன்று அத்தொகை எண்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. குழந்தைப் பிறப்பு குறைந்தது முதலாக இதற்குக் காரணங்கள் பல. எங்கள் கண்முன் நடப்பதை வைத்துச் சொன்னால், பெற்றோர் குடியேறும் இடமும் அவற்றுள் ஒன்று. பெற்றோர் வீட்டுக்குக் கையெழுத்துப் போடும்போதே, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கும் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது.

பழைய தோட்டத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெரட்டுக் களம் நடுவே. அதைச் சுற்றி லயங்கள், கடை, கோயில், டிஸ்பென்சரி, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம். எல்லாம் கூப்பிடு தூரத்தில். தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்பதற்கு மலாயாவின் கூட்டு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே வழி செய்தது. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று கேட்க அதில் இடம் இருந்தது. இந்த நெருக்கத்தை நாம் பெருமையாகப் பேசுவதற்கில்லை. விடியுமுன் ஆட்கள் பெரட்டுக்கு வந்து நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் லயங்களை அப்படிக் கட்டினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் பெரியவர்களுக்கு இருந்ததில்லை. இன்று அந்த உரிமை நமக்கு இருக்கிறது. அதை நன்றாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஆச்சரியம் என்னவென்றால், நகர அமைப்பு வல்லுநர்களும் இதே கூப்பிடு தூரத்தைத்தான் சிறந்த அளவு என்று சொன்னார்கள். அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை வெளியிட்டார். குடியிருப்பின் நடுவில் தொடக்கப் பள்ளி இருக்கவேண்டும். எந்த வீட்டிலிருந்தும் ஏறத்தாழ கால் மைலில், அதாவது 400 மீட்டரில், அதை அடைய முடியவேண்டும். பெரிய சாலைகள் குடியிருப்பைப் பிளந்து செல்லாமல் அதன் ஓரமாகவே போகவேண்டும் என்பது அவர் கருத்து. பெரியவர் ஒருவர் சாதாரணமாக நடந்தால் 400 மீட்டருக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தோ பாயோ போன்ற புதுநகர்களைக் கட்டியபோது, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அருகிலேயே கடைகளையும் ஈரச் சந்தையையும் உணவங்காடியையும் பள்ளியையும் வைத்தது. அந்நாட்டில் குடியிருப்போரில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் இன்று அக்கழகம் கட்டிய வீடுகளில்தாம் வாழ்கிறார்கள். எங்கள் மாணவர் அங்கே கார் இல்லாமலே எங்கும் போய்வந்ததற்கு அவருடைய கால்வலிமை மட்டும் காரணமன்று. அந்த ஊரே நடப்பவருக்கு இடம் விட்டுக் கட்டப்பட்டிருந்தது. ஊர் திரும்புகிறவர்கள் முதலில் உணரவேண்டியது இதுதான். நாம் பழகிய வசதியில் ஒரு பாதி வீட்டுக்குள் இருந்தது. மறுபாதி தெருவில் இருந்தது. இங்கே வந்து வீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தால், அந்த மறுபாதியை இழந்துவிடுவோம்.

நம் நாட்டில் அத்தகைய தெருக்கள் இல்லாமலில்லை. காருக்கு முன்பே உருவான பழைய கடைத்தெருக்களைப் பாருங்கள். கடைகளின் முன்னே, கூரைக்கடியில், மலாய் மொழியில் காக்கி லீமா என்று சொல்லும் ஐந்தடி நடைவழி ஓடும். 1822ஆம் ஆண்டு ராபிள்ஸ் சிங்கப்பூர் நகருக்கு வகுத்த திட்டத்திலேயே, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் பொதுமக்கள் நடக்கத் தொடர்ச்சியான தாழ்வாரம் விடவேண்டும் என்று விதித்தார். பின்னர் மலாயாவின் மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் சீதோஷ்ணத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. லுக்குட்டும் பழைய ஊர்தான். ஈயம் தோண்டிய காலத்தில், 1847ஆம் ஆண்டு, ராஜா ஜுமாட் இங்கே குன்றின்மேல் கோட்டை கட்டினார். 1880ஆம் ஆண்டு வரை இது சிலாங்கூரைச் சேர்ந்திருந்தது. இத்தகைய ஊர்களின் பழைய பகுதிகளில் வீடு சிறியதாக இருக்கலாம். கூரையும் பழையதாக இருக்கலாம். ஆனால் வாசலில் இறங்கினால் கடை இருக்கும்.

அப்படியானால் வீட்டை எப்படிப் பார்ப்பது? சில எளிய வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, வீட்டைக் காரில் போய்ப் பார்க்காதீர்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மளிகைக் கடை, கிளினிக், கோயில், பேருந்து நிறுத்தம், பள்ளி அல்லது பள்ளி வேன் நிற்கும் இடம் என ஐந்து இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீட்டு வாசலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். ஐந்தில் மூன்றாவது பத்து நிமிட நடைக்குள் இருந்தால் அது நல்ல இடம்.

இரண்டாவது, உங்கள் காலால் அளக்காதீர்கள். குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் காலால் அளக்கவேண்டும். உங்களுக்கு ஐந்து நிமிடமாக இருப்பது, மூட்டுவலி உள்ள தாயாருக்குப் பன்னிரண்டு நிமிடமாகலாம். முடிந்தால் அவரையும் ஏழு வயதுப் பிள்ளையையும் உடன் அழைத்துப் போங்கள். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். மூடியில்லாத சாக்கடைக் கால்வாயா, நாயா, நடைபாதைமேல் ஏற்றி நிறுத்திய காரா என்பது அப்போது தெரியும்.

மூன்றாவது, சாலையைக் கடப்பதே தூரம். இடையில் வேகச் சாலை குறுக்கிட்டால், 300 மீட்டரில் உள்ள கடையும் எட்டாத கடைதான். விளக்குச் சந்தியோ மேம்பாலமோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்துக்குள்ளேயே ஒரு கிலோமீட்டர் நடப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

நான்காவது, ஒரே வீட்டை மூன்று வேளை பாருங்கள். காலை ஏழு மணிக்குப் போனால் வாகன நெரிசல் தெரியும். பகல் ஒரு மணிக்கு, பள்ளி விடும் நேரத்தில் போனால், நிழல் இருக்கிறதா என்பது தெரியும். இரவு எட்டு மணிக்குப் போனால் தெருவிளக்கு எரிகிறதா, பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்களா என்பது தெரியும். மழை பெய்த மறுநாள் ஒருமுறை போனால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை விளம்பரத்தில் யாரும் எழுதமாட்டார்கள்.

ஐந்தாவது, வாடகையை மட்டும் கணக்கிடாதீர்கள். 200 வெள்ளி வாடகை குறைகிறது என்று மகிழ்ந்து, அதற்காக இரண்டாவது கார் ஒன்றை வாங்கினால், அதன் தவணை, பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, பழுதுச் செலவு எல்லாம் சேர்ந்து அந்த 200 வெள்ளியை எத்தனை மடங்கு விழுங்கும் என்று கூட்டிப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் போதுமே என்பீர்கள். நம் நாட்டில் சாலை விபத்தில் மாள்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

உடல்நலத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும். 2019ஆம் ஆண்டு நாட்டில் நடந்த சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நம் சமூகத்தில் அது மற்றவர்களைவிட அதிகம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்வருகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல பங்கு தானாகவே சேர்ந்துவிடும்.

இன்னொன்று. ஊர் திரும்பியதும் சேமிப்பு முழுவதையும் போட்டு வீடு வாங்க அவசரப்படாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. ஓராண்டாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்வைப்பு, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை ஒன்று என மூன்றரை மாதத் தொகையைக் கையில் வைத்திருக்கவேண்டும். 800 வெள்ளி வாடகை என்றால் 2,800 வெள்ளி. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து முத்திரைக் கட்டணமும் செலுத்துங்கள். ஒப்பந்தம் முடியுமுன் வெளியேற நேர்ந்தால் என்ன செய்வது என்ற விதியைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். எங்கள் மாணவர் அதைப் படிக்காததால்தான் ஓராண்டு முழுவதும் அங்கேயே இருக்க நேர்ந்தது.

ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய வரிசை வீட்டுக்கே மாறினார். கூடம் சிறியது. ஒரு காரைத்தான் நிறுத்த முடியும். பள்ளி அங்கிருந்தும் நடக்கும் தூரமன்று. ஆனால் வேன் வரும் வழியில் கடைசி நிறுத்தம் அது. மகள் ஆறே முக்காலுக்கு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு முச்சந்திக்கு நடந்துவந்து ஏறுகிறாள். முதல் பாடவேளையில் அவள் இப்போது தூங்குவதில்லை.

பாட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். நடக்காமல் இருந்த அந்த ஓராண்டில் அவருடைய முழங்கால் இறுகிவிட்டது. பழைய நடை இனித் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கடைகளின் ஐந்தடியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, கோயிலுக்குப் போய் வருகிறார். வழியில் உட்கார்ந்த இடத்தில் யாராவது பேச்சுக் கொடுக்கிறார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் தாமே போய் வருகிறார்.

நேயர்களே, வீடு பார்க்கப் போகும்போது கூடத்தின் அகலத்தையும் கூரையின் உயரத்தையும் அளக்கிறோம். வாசலிலிருந்து வெளியே செல்லும் வழியையும் அளப்போம். வீட்டில் வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளும் முதியவர்களும் அவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் தாங்களாகவே போய்வரக்கூடிய இடம் எதுவோ, அதையே தேடிக் குடியேறுவோம்.