நிலக்கரிக்கு முந்திய தேவாலயம்

இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகியபோது, பழைய தேவாலயங்கள் புதிய மக்கள்தொகைக்குப் போதாமற்போயின. ஆகவே, ஒரு குருவின் பொறுப்பில் விடப்படும் எல்லையான ‘பங்கு’ என்பதை, கட்டடம் எழும்புவதற்கு முன்பே வகுத்துக்கொள்ள 1843ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. நிலமும் பணமும் அளித்த சுரங்க முதலாளிகளிடம் பக்தி எவ்வளவு, தொழிலாளரைக் கட்டுக்குள் வைக்கும் எண்ணம் எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதன்று.

கடலூர் வட்டாரத்திலோ தேவாலயத்தைக் கொண்டுவந்தவை துறைமுகமும் கோட்டையும் ஆகும். 1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கிய தேவனாம்பட்டினக் கோட்டையின் நிழலில், கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் என்னும் இலண்டன் சங்கத்தின் சார்பில், சுவீடன் நாட்டு லுத்தரன் குரு கீர்னாண்டர் 1740இல் பணியேற்றார். பிரெஞ்சுக்காரருக்குச் சாதகமானவர்கள் என்று ஐயுற்ற கத்தோலிக்கக் குருமாரைக் கம்பெனி 1749இல் வெளியேற்றி, அவர்களுடைய தேவாலயத்தை அவரிடம் ஒப்படைக்க, அது ‘கிறிஸ்து ஆலயம்’ என்று பெயர் மாறியது. சமயப்பணி என்று சொல்லப்பட்டாலும், இக்கைமாற்றத்தைத் தீர்மானித்தது போர்க்கணக்கே. 1758இல் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்ததும் கீர்னாண்டர் கல்கத்தாவுக்குச் சென்று, 1770இல் அங்கே பழைய மிஷன் தேவாலயத்தை எழுப்பினார்.

விக்டோரியா காலத்துக்குச் சற்று முன், 1830இல், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் ஹீத் என்பவர் இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கனிமத்தை உருக்கக் கரிமூட்டத்து மரக்கரியையே நம்பியிருந்த அவ்வாலை, விறகு அரிதானதும் தளர்ந்து, நாளடைவில் மூடப்பட்டது. நிலைத்த சுரங்கச் சமூகம் எதுவும் அதனால் உருவாகவில்லை. சில பத்துக் கிலோமீட்டர் மேற்கே, நெய்வேலி மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடந்ததை அன்று எவரும் அறியார். ஈரம் மிகுந்த அக்கரி உலைக்கு அப்படியே உதவியிருக்காது என்பது வேறு செய்தி.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கரும்பொருள் வெளிப்பட்டதைத் தொடர்ந்து ஆய்வுகள் நடந்து, 1956இல் அரசு நிறுவனம் அமைந்தது. 1957இல் நேரு சுரங்கப்பணியைத் தொடங்கிவைத்தார். நிலத்தடி நீரூற்றின் அழுத்தத்தை ஓயாது இறைத்துக் குறைத்த பின்னரே, 1961இல் கரிப்படிவம் வெளிப்பட்டது. பழைய சிற்றூர்களின் மக்களை இடம்பெயர்த்து எழுந்த நகரியத்தில் முதலாளி அரசே ஆனதால், ஒரே திருச்சபைக்குச் சலுகை காட்டும் விக்டோரியா முறைக்கு இடமிருக்கவில்லை. ‘வட்டம்’ எனப்படும் அதன் குடியிருப்புப் பகுதிகளில் கோயிலும் மசூதியும் தேவாலயமும் அவரவர் சமூகத்தாரின் முயற்சியால் வளர்ந்தன. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகளோ, சுரங்கம் திறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1947 செப்டம்பரில், தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றிணைந்துவிட்டிருந்தன.