காற்றைப் படிக்கும் குழந்தைகள்

(மும்பையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெளிநாடு போய் வந்தவர்கள் அதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்பது நம் காரியதரிசியின் கட்டளை. லண்டன் பாலமும் மெழுகு பொம்மைகளும் உங்களில் பலர் பார்த்தவை. ஆகையால் குழந்தைகள் பாய்மரப் படகு ஓட்டும் ஒரு தீவைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே உள்ளது ஐல் ஆஃப் வைட் தீவு. சௌதாம்ப்டனிலிருந்து வேகப் படகில் அரை மணிக்கும் குறைவு. இறங்கும் ஊர் கௌஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விக்டோரியா மகாராணி 1901-இல் காலமான ஆஸ்பர்ன் மாளிகை. அதிலுள்ள தர்பார் மண்டபத்தில் நம் தேசத்து பாய் ராம் சிங்கின் கைவண்ணத்தைப் பார்க்கலாம். ஆனால் ஊர் மூச்சுவிடுவது படகுகளால்தான். அமெரிக்கா என்ற படகு 1851-இல் இந்தத் தீவைச் சுற்றி ஓடி ஜெயித்த கோப்பைதான் இன்றைய அமெரிக்கா கப். 1889-இல் தொடங்கிய ஐலண்ட் செய்லிங் கிளப் 1931-இல் தீவைச் சுற்றும் பந்தயத்தை ஆரம்பித்தது. முதல் வருஷம் 25 படகுகள். பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேல்.

என் மாப்பிள்ளை அந்தத் தீவில் டாக்டர். பேத்திக்குப் பத்து வயது. சனிக்கிழமை காலையானால் அவள் பக்கத்திலுள்ள ஒரு படகு கிளப்பில்தான்.

படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். நீளம் இரண்டரை மீட்டருக்கும் குறைவு, எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். மூக்கு இல்லாமல் சதுரமாக இருக்கும். குளியல் தொட்டிக்குப் பாய் கட்டினாற்போல. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கிளார்க் மில்ஸ் 1947-இல் குழந்தைகளுக்காக வடிவமைத்தது. பதினைந்து வயதுவரை இதில் பந்தயம் ஓட்டலாம். முக்கியமான சங்கதி, படகில் ஒரே ஒரு குழந்தைதான். சுக்கானும் அவள் கையில், பாய்க் கயிறும் அவள் கையில்.

முதலில் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று, படகை வேண்டுமென்றே கவிழ்ப்பது! என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை லைஃப் ஜாக்கெட்டோடு நீரில் விழ வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் மேல் ஏறி நின்று படகை நிமிர்த்த வேண்டும். பிறகு உள்ளே ஏறி வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். இதைப் பலமுறை செய்துவிட்டால் கவிழ்வது ஒரு பெரிய விஷயமாகவே தெரிவதில்லை.

அடுத்தது காற்று. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று திசைக்கொரு பெயர் வைத்த பாஷை நம்முடையது. நம்மில் எத்தனை பேருக்கு இப்போது எந்தப் பக்கமிருந்து காற்று வீசுகிறது என்று தெரியும்? அந்தக் குழந்தைகள் கன்னத்தில் படுவதை வைத்தே சொல்கிறார்கள். காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்மரப் படகு போகாது. திருமலைக்குப் பஸ் ஏறுவதுபோல வளைந்து வளைந்து, சுமார் 45 டிகிரி சாய்வில், ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்று ஏற வேண்டும். போதாததற்கு அந்தக் கடல் இடுக்கில் நீரோட்டம் பலமானது. காற்று குறைந்தால், முன்னே போவதாக நினைக்கும் படகு உண்மையில் பின்னே போய்க்கொண்டிருக்கும். ஆகவே கரையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பந்தயத்தில் ஐந்து நிமிஷத்துக்கு முன் ஒரு சப்தம், நான்கில் ஒன்று, ஒன்றில் ஒன்று, பிறகு புறப்பாடு. நேரம் வருமுன் கோட்டைத் தாண்டியவர் திரும்பிவந்து மறுபடி தொடங்க வேண்டும். வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு, இடப்பக்கமிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். "ஸ்டார்போர்டு!" என்று பொடிசுகள் கத்துவது கரைவரை கேட்கும்.

என்னை அசத்தியது வேறொன்று. சாதாரணப் பந்தயங்களில் தண்ணீரில் நடுவர் கிடையாது. திருப்பத்து மிதவையில் உன் படகு இடித்தால், நீயே ஒதுங்கிப் படகை ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். வழிவிடத் தவறினால் இரண்டு சுற்று. தண்டனையைக் கொடுத்துக்கொள்பவரும் நீயே. ஒத்துக்கொள்ளாவிட்டால் பாதிக்கப்பட்டவர் கரைக்கு வந்து புகார் கொடுக்கலாம், விசாரணை உண்டு. அன்று என் பேத்தி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். திடீரென்று தனியாக ஒரு சுற்று சுற்றினாள். நான்கு படகுகள் தாண்டிப் போய்விட்டன. கரைக்கு வந்ததும் பாட்டி கேட்டாள், "ஏண்டி, யாராவது பார்த்தாளா?"

"இல்லை பாட்டி. பாய்க் கட்டை லேசாத் தட்டித்து."

அவ்வளவுதான். சான்ட்விச் எங்கே என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். பாட்டிக்கு அன்று சாயங்காலம்வரை மூன்றாம் இடம் போன துக்கம்.

பந்தயம் நடக்கும்போது அப்பா அம்மா கரையிலிருந்து யோசனை சொல்லக் கூடாது. வெளியார் உதவி விதிப்படி குற்றம். பெற்றோருக்கு வேறு வேலைகள் உண்டு. படகைத் தள்ளுவண்டியில் இறக்கவும், பாதுகாப்புப் படகில் உட்காரவும், டீ போடவும் முறை வைத்துச் செய்கிறார்கள். ஹோம்வொர்க்கைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுக்கும் நமக்கு, ஒரு மணி நேரம் குழந்தையைத் தானாக முடிவெடுக்க விடுவது பெரிய பயிற்சி என்று எனக்குத் தோன்றியது.

கடல் தாண்டினால் பிராயச்சித்தம் கேட்ட காலம் போய்விட்டது. இன்று நம் குழந்தைகள் விமானத்தில் கடலைத் தாண்டுகிறார்கள். கடலைத் தொடுவதுதான் இல்லை. இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. சென்னையில் கோடை முகாமில் படகு பழகத் தொடங்கிய நேத்ரா குமணன், பிறகு கிரான் கனேரியா தீவில் பயிற்சி எடுத்து, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு 2021-இல் தகுதி பெற்றார். இந்தியப் பெண்களில் அவரே முதல்வர். 2024-இல் பாரிஸுக்கும் போனார். கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்து விவசாயி மகள் நேஹா தாக்கூர், போபால் ஏரியில் பழகி, 2023-இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார்.

இந்த மும்பையும் தீவுதானே! கேட்வேக்கு அருகிலேயே 1846-இல் தொடங்கிய ராயல் பாம்பே யாட் கிளப் இருக்கிறது. சென்னை உறுப்பினர்களுக்குத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். ஹைதராபாத்காரர்களுக்கு ஹுசேன் சாகர் ஏரி. குழந்தைக்கு முதலில் நீச்சல் சொல்லிக் கொடுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமலும், கூடவே பாதுகாப்புப் படகு இல்லாமலும் கற்றுத்தரும் இடமானால் சேர்க்காதீர்கள்.

நான்கைந்து குடும்பங்கள் பெயர் கொடுத்தால், கோடை விடுமுறை வகுப்பு பற்றி நானே போய் விசாரித்து வருகிறேன். வாசலில் காகிதம் வைத்திருக்கிறேன். காபி ஆறிக்கொண்டிருக்கிறது.