முகமூடி வீரனின் பகல் வேடம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். இலக்கிய ஆராய்ச்சி செய்யத் தகுதியற்றவன். ஆகவே, அண்மையில் என் மகனோடு கண்ட ஒரு பழைய திரைப்படத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

'தி மார்க் ஆஃப் ஸோரோ' என்பது அதன் பெயர். ஜான்ஸ்டன் மக்கல்லி 1919-இல் எழுதிய தொடர்கதை 1920-இல் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடிப்பில் மௌனப் படமாயிற்று. ரூபன் மாமூலியன் இயக்கத்தில், டைரோன் பவர் நடிப்பில், 1940-இல் பேசும் படமாயிற்று. நாங்கள் கண்டது இதையே. 'மலைக்கள்ளன்' (1954) கண்ட நமக்கு இவ்வகைக் கதை புதிதன்று.

கலிபோர்னியா ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த காலம். மாட்ரிட் நகரில் வாட்போரில் பெயர்பெற்ற டியாகோ, தந்தையின் அழைப்பை ஏற்று ஊர் திரும்புகிறான். நேர்மையாக ஆண்ட தந்தையின் பதவியைப் பறித்துக்கொண்ட கொடியவன், வரிமேல் வரி சுமத்திக் குடியானவர்களை வதைக்கிறான். டியாகோ இரவில் கறுப்பு முகமூடி அணிந்து ஸோரோ ஆகிறான். ஸ்பானிய மொழியில் அதற்கு நரி என்று பொருள். கொள்ளைபோன வரிப்பணத்தை மீட்டுப் பாதிரியாரிடம் சேர்க்கிறான். பகலிலோ பட்டாடையும் வாசனையும் பூசி, கைக்குட்டை வித்தை காட்டித் திரிகிறான். ஊர் நகைக்கிறது, பெற்ற தந்தை வெட்கித் தலைகுனிகிறார்.

"அப்பாவிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?" என்று என் மகன் கேட்டான். சொல்ல இயலாது. முப்பதாண்டு சட்டத்தைக் காத்த அம்முதியவர், கலகத்திற்கு உடன்படமாட்டார். ஆதலால் இகழ்ச்சியைச் சுமந்தே மகன் தொண்டாற்றுகிறான். வாளேந்துவதினும் அரிய வீரம் இதுவன்றோ?

இறுதிப் போரில் எதிரியாக நிற்பவர் பேசில் ராத்போன். அவர் ஒரே வீச்சில் மெழுகுவத்தியைத் துண்டிக்கிறார். டியாகோவும் வீசுகிறான், வத்தி அசையாமல் நிற்கிறது. எதிரி ஏளனமாகச் சிரிக்கிறான். டியாகோ மெல்ல மேற்பாதியைத் தூக்கிக் காட்டுகிறான். அது முன்னமே வெட்டுண்டு நின்றது!

அக்காட்சியில் என் தந்தை நினைவுக்கு வந்தார். மேலதிகாரி ஒருவர் ஏசியபோது அவர் வாய்திறவாது நின்றதை நான் சிறுவனாயிருந்தபோது கண்டேன். கோழை என்றே எண்ணினேன். ஐந்து பிள்ளைகளின் சோறு அந்த மௌனத்தில் அடங்கியிருந்தது என்பதை, நானும் அவ்வாறு ஒரு மேசையின் முன் நின்ற நாளில்தான் உணர்ந்தேன். டியாகோவின் தந்தை சிறைக்கூடத்தில் மகனை அறிந்து மகிழ்கிறார். என் தந்தையை நான் அறிந்துகொண்டேன் என்று சொல்ல, அவர் அப்போது இல்லை.

இளைஞர்களே! அடங்கி நிற்போரையெல்லாம் அஞ்சி நிற்போர் என்று எண்ணாதீர்கள். உங்கள் இல்லத்திலேயே அத்தகைய வீரர் ஒருவர் இருக்கக்கூடும். காலம் கடக்குமுன் அவரை அறிந்துகொள்ளுங்கள்.