வெள்ளைப் பாவாடையும் வாயு விளக்கும்



ஏதேனும் ஓர் உடையின் வரலாற்றைப் பேசுங்கள் என்று இந்தப் பயிற்சியை நடத்துபவர்கள் கேட்டபோது, நான் பாலே நடனத்தின் வெள்ளைப் பாவாடையைத் தேர்ந்தெடுத்தேன். டூட்டூ என்று அதற்குப் பெயர். நம் பிள்ளைகளின் பென்சில் பெட்டி மூடியில் ஒற்றைக் காலில் நிற்கும் பொம்மைப் பெண் அணிந்திருப்பது அதுதான். பார்த்தால் விளையாட்டுப் பொருள் போல இருக்கும். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நெசவு இருக்கிறது, வேதியியல் இருக்கிறது, சில பெண்களின் உயிரும் இருக்கிறது.

1832 மார்ச் 12 அன்று பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீடு' என்ற பாலே அரங்கேறியது. ஸ்காட்லாந்துக் கிராமத்து இளைஞன் ஒருவன் திருமண நாளில் மணப்பெண்ணை விட்டுவிட்டு, காற்றில் வாழும் ஒரு தேவதையின் பின்னால் காட்டுக்குள் ஓடுகிறான். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள நினைத்து மந்திரத் துணியைப் போர்த்துகிறான். அவள் இறக்கைகள் உதிர்ந்து இறந்துபோகிறாள். இவ்வளவுதான் கதை. தேவதையாக ஆடியவர் மரி டாக்லியோனி. நடனத்தை அமைத்தவர் அவருடைய தந்தை பிலிப்போ. உடையை வடிவமைத்தவராக ஓவியர் யூஜின் லாமியைச் சொல்வது வழக்கம். உடலோடு ஒட்டிய மேற்சட்டை, இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை மணி போல விரியும் வெள்ளைப் பாவாடை, முதுகில் சிறு இறக்கைகள், அவ்வளவே.

இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன், பெண்கள் அரசவை உடையின் கனத்தோடும் குதிகால் உயர்ந்த காலணியோடும்தான் மேடையில் ஆடினார்கள். மரி கமார்கோ என்ற நடனக்காரர் பாதத்தின் வேலைப்பாடு தெரியட்டும் என்று பாவாடையைச் சற்றே உயர்த்தியது அன்று பெரிய பேச்சாயிற்று. டாக்லியோனியின் காலத்தில் நிலைமை வேறு. அவர் கால்விரல் நுனியில் நின்று ஆடினார். அந்தப் பாதம் தெரிய வேண்டும். ஆனால் உடலுக்கு எடையே இல்லாதது போலவும் தோன்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தது அந்தப் பாவாடை. குதித்து இறங்கும்போது உடல் முதலில் தரைக்கு வந்துவிடும், துணி சற்றுப் பின்தங்கி மெல்லப் படியும். பார்ப்பவரின் கண்ணுக்கு அவரே மிதந்து இறங்குவதாகத் தெரியும். இயற்பியல் ஆசிரியர்கள் காற்றுத் தடையை நடத்தும்போது இதைச் சொல்லலாம்.

அப்படி மிதக்கும் துணி எங்கிருந்து வந்தது? மெல்லிய மஸ்லினுக்கு ஒரு காலத்தில் வங்காளத்து டாக்காதான் பேர்போனது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆலைகள் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. கையால் முடைந்துகொண்டிருந்த வலைத்துணிக்கு ஜான் ஹீத்கோட் 1809-இல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1816-இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லட்டைட்டுகள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் டிவர்ட்டன் என்ற ஊருக்குத் தொழிலை மாற்றிக்கொண்டார். வலைத்துணி மலிந்தது. ஒரே பாவாடைக்கு அடுக்கடுக்காகத் துணி வைத்துத் தைக்க முடிந்ததற்கு இந்த ஆலைகளும் ஒரு காரணம். தேவதையின் உடை தேவலோகத்திலிருந்து வரவில்லை என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

அடுத்து வெளிச்சம். பாரிஸ் ஓபராவுக்கு 1822-இல் வாயு விளக்கு வந்தது. மெழுகுவர்த்தியைப் போலல்லாமல் அதைக் குறைக்கலாம், கூட்டலாம். நிலவொளிக் காடு, கல்லறை, மூடுபனி எல்லாம் மேடைக்கு வந்தன. மங்கிய ஒளியில் வெள்ளைத் துணி தானே ஒளிர்வது போலத் தெரியும். 1841-இல் வந்த 'ஜிசெல்' நாடகத்தின் இரண்டாம் பகுதி முழுவதும் இந்த வித்தைதான்.

இந்த இடத்தில்தான் என் பேச்சின் கனமான பகுதி வருகிறது. மெல்லிய பருத்தி நூல், நூலுக்கு நூல் இடையே காற்று, அடுக்குக்கு அடுக்கு இடையே காற்று. பக்கத்தில் மூடியில்லாத தீ. எட்டாம் வகுப்பு அறிவியலில் எரிதல் பாடம் நடத்துகிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. 1844 டிசம்பரில் லண்டன் டிரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக்காரரின் உடை, பார்வையாளர் கண்முன்னே மேடையில் தீப்பற்றியது. சில நாட்களில் இறந்துபோனார்.

தடுக்க வழி தெரியாத காலமல்ல அது. மேல்நிலை வேதியியலில் வாயு விதியோடு வருகிறாரே கே-லூசாக், அவர் 1821-லேயே அம்மோனியம் பாஸ்பேட்டும் வெண்காரமும் ஏற்றிய துணி சுடர்விட்டு எரியாது என்று காட்டிவிட்டார். 1859-இல் பிரான்சில் கார்ட்டரான் என்பவரின் முறைப்படி நாடக உடைகளைப் பதப்படுத்த வேண்டும் என்று அரசாணையே வந்தது. ஆனால் பதப்படுத்திய துணி விறைத்தது, வெண்மை மங்கியது. மிதக்கவில்லை.

எம்மா லிவ்ரி அதை மறுத்தார். 1858-இல் அதே 'லா சில்ஃபீடு' பாலேயில் அறிமுகமானவர் அவர். முதுமையை நெருங்கிக்கொண்டிருந்த டாக்லியோனி அந்தப் பெண்ணைத் தம் வாரிசாகவே எண்ணிப் பயிற்றுவித்தார். அவருக்காக 1860-இல் 'லெ பாபியோன்', அதாவது 'வண்ணத்துப்பூச்சி', என்ற பாலேயையும் அமைத்தார். அதில் பூச்சியின் இறக்கை தீப்பந்தத்தில் கருகுகிறது. பழைய பாவாடையிலேயே ஆடுவேன், பொறுப்பு என்னுடையது என்ற பொருளில் லிவ்ரி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15 அன்று, ஓர் ஒத்திகையில் தம் முறைக்காகக் காத்திருந்தபோது அவருடைய பாவாடை வாயு விளக்கில் பட்டது. எரிந்தபடியே மேடையில் ஓடினார். எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். இருபதை ஒட்டிய வயது.

அழகு மோகத்தால் செத்தார் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எடையற்றவராகத் தெரிவதற்குத்தான் அவருக்குக் கைதட்டல், அதற்குத்தான் சம்பளம். விறைத்த பாவாடையில் ஆடினால் அந்த இடத்துக்கு அடுத்த பெண் வந்துவிடுவாள். அப்படியிருக்க, பொறுப்பு என்னுடையது என்று ஒரு பெண் எழுதித் தந்த தாளை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்ட நிர்வாகத்தையும் நாம் கேட்க வேண்டாமா? விளக்குக்குக் கூண்டு போடுவது அவர் கையில் இல்லையே.

இதை நீங்கள் வேற்று நாட்டுக் கதையாக மட்டும் கேட்க வேண்டியதில்லை. ஆண்டு விழாவுக்கு நாம் வாடகைக்கு எடுக்கும் தேவதை கவுன் நைலான் வலைத்துணி. பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலான் உருகித் தோலில் ஒட்டும். அந்த உடையில் நிற்கும் பிள்ளையைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடாதீர்கள். மெழுகுவர்த்தி நடனத்துக்கு பேட்டரி விளக்கு போதும்.

லண்டன் சவாய் அரங்கம் 1881-இல் முழுக்க மின்விளக்குக்கு மாறியது, மற்ற அரங்குகளும் தொடர்ந்தன. பாவாடையும் பிறகு முழங்காலுக்கு மேலே ஏறி, தட்டு போல விரிந்தது. டூட்டூ என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். லிவ்ரி அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் உடையில் எரியாமல் மிஞ்சிய துண்டுகளை பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.